அங்காலை, பதினைந்து நிமிடம்

எங்கள் நாரைத்தீவைச் சுற்றி வர இருபத்துமூன்று மைல், ஏழு ஊர், ஒரே ரோட்டு. இது வலமாகப் போகிறவனுக்கு. இடமாகப் போகிறவனுக்கு எட்டு ஊர், மைல் எத்தனை என்று இன்னும் ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. இவ்வளவு காலமும் இது எங்களுக்குத் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், தீவில் எவரும் இடமாகச் சுற்றியதில்லை என்பதுதான். அம்மன் தேர் வலமாகப் போகும், பஸ் வலமாகப் போகும், மீன்காரரின் சைக்கிள் வலமாகப் போகும், வடக்கே வடலிக்காட்டில் இருக்கிறவர்கள் மேற்கே ஒரு வெறும் உப்புவெளிக்கு அப்பால் இருக்கிற சங்குமுனைக்குச் சம்பந்தம் பேசப் போவதென்றாலும் கிழக்கே திரும்பி, தெற்கையும் கடந்து, தீவு முழுவதையும் சுற்றித்தான் போவார்கள், ஏன் என்று கேட்டால் பஸ் அப்படித்தானே போகுது என்பார்கள். பிணம் மட்டும் இடமாகப் போகும், அதுவும் அந்தந்த ஊர்ச் சுடலை வரைதான்.

நான் திருநாவுக்கரசு. தெற்கே துறையடியில் இருபத்தாறு வருடம் தபாலதிபராக இருந்தவன். உறையைப் பிரித்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்களா, முத்திரை ஏற்கெனவே குத்தினதா என்று பார்த்துப் பார்த்தே எனக்குச் சந்தேகம் ஒரு குணமாகிவிட்டது, நல்ல குணம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். எனக்கு ஒரேயொரு தங்கை, அரியமலர். பதினொரு வருடத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய புருஷன் குகதாசன் மினுக்கின சட்டையோடு வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வரவில்லை. அவள் பொட்டை அழிக்கவும் இல்லை, அழுதுகொண்டிருக்கவும் இல்லை. இங்கிலீசு படித்தாள், ஒரு வான் வாங்கினாள், ஞானசீலன் என்ற பொடியனை ஓட்டுநராக வைத்தாள், வெளிநாட்டுக்காரருக்குத் தீவைச் சுற்றிக் காட்டுகிற தொழிலைத் தொடங்கினாள்.

அந்தத் தொழிலில் பெரிய வேலை வழித்தாள் எழுதுவதுதான். எத்தனை மணிக்கு எங்கே இறங்குவது, எங்கே சாப்பிடுவது, எங்கே படம் எடுப்பது, எங்கே மூத்திரம் போவது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, தீவில் இருந்த ஒரே போட்டோக் கொப்பி மெஷின் என்னுடைய தபாற்கந்தோரில் இருந்தபடியால், வெள்ளிக்கிழமைதோறும் என்னிடம் கொண்டுவருவாள். வலமாகப் போனால் மேற்கே சங்குமுனை காலையிலேயே வந்துவிடும், வெள்ளைக்காரருக்கோ சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்காவிட்டால் வந்த காரியம் முடியாது. அவள் ஒரு மாதம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கடைசியில் தாளைத் தலைகீழாக வைத்தாள், அவ்வளவுதான். கிழக்கு முதலில், வடக்கு மத்தியானம், மேற்கு மாலை ஐந்தரை, துறையடியில் ஆறரைக்குப் பட்டணம் போகிற கடைசிப் போட்.

“இடமாய்ப் போறியோ?” என்றேன்.

“சூரியன் உங்கடை பஸ்ஸைக் கேட்டே அண்ணை மறையுது?” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை வான் இடமாகப் போய் மாலையில் வந்து நின்றது. இறங்கினவர்களின் கமராக்களில் எட்டு ஊர் இருந்தன. வடலிக்காட்டுக்கும் சங்குமுனைக்கும் நடுவில், உப்புவெளி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கிணறு, இருபது முப்பது வீடு, ஒரு தேத்தண்ணிக் கடை, வாசலில் நின்று கைகாட்டுகிற சனங்கள். போனில் இருக்கிற வரைபடம் அந்த இடம் வந்ததும் நீலப் புள்ளியைக் கொண்டுபோய்க் கடலுக்குள் வைத்ததாம். ஞானசீலனிடம் கேட்டபோது அவன், “தேத்தண்ணி நல்ல சாயம் மாஸ்டர்,” என்றான், வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை அவனுக்கு. வெள்ளைக்காரருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அவர்களுக்கு ஏழானால் என்ன, எட்டானால் என்ன.

தீவாருக்குத்தான் தோன்றியது. ஊருக்கு ஒரு பெயர் வைக்கவே பயந்து, அந்தப் பக்கம் என்கிற மாதிரி ‘அங்காலை’ என்று மட்டும் சொன்னார்கள், சொல்லும்போது கையையும் நீட்டமாட்டார்கள், நாடியை நிமிர்த்தி மட்டும் காட்டுவார்கள். காணாமல் போன கோழியெல்லாம் அங்காலைதான் போயிருக்கும் என்றார்கள், எங்களுக்குப் பெய்ய வேண்டிய மழை அங்காலை பெய்கிறது என்றார்கள், அரியமலர் இந்த ஊரை முந்தியே அறிந்து ஒளித்து வைத்திருந்தவள் என்றார்கள், நெருப்பில்லாமல் புகையுமோ என்றார்கள். ஊர்ப் பதிவு பார்க்கிற விதானையார் பதிவுப் புத்தகத்தோடு வானில் போய்விட்டு வந்து இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் திறந்து, ஆட்கள் எல்லாம் எங்கள் ஆட்கள்தான், எல்லாருக்கும் பதிவு இருக்கிறது, எல்லாம் பழைய பதிவு என்றார்.

அப்போதுதான் விளங்கியது. அங்காலை இருந்தவர்கள் எல்லாரும் ஒருகாலத்தில் எங்கள் ஏழு ஊர்களில் இருந்து போய்த் திரும்பாதவர்கள். சண்டை பிடித்துப் போன மகன், சீதனப் பேச்சில் கோபித்துப் போன மாப்பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல் போனாள் என்று ஊர் சொன்ன பெட்டை, எல்லாரும் அங்கே வயது போய், கிணற்றில் தண்ணீர் அள்ளி, வேலிக்குக் கதியால் போட்டுக்கொண்டு இருந்தார்கள். குருக்களுக்குத்தான் பெரிய சங்கடம். பன்னிரண்டு பேருக்கு, செத்தவராக எண்ணி, அந்தியேட்டி செய்து முடித்திருந்தார், அதைத் திருப்பி எடுக்கிற மந்திரம் அவரிடம் இல்லை. வடலிக்காட்டில் ஒருத்தி, மறுமணம் செய்து மூன்று பிள்ளை பெற்றவள், வானில் போய் யன்னலால் தன் முதல் புருஷனைப் பார்த்து, “மெலிஞ்சு போனார்,” என்று மட்டும் சொன்னாள், இறங்கவில்லை.

காரணம் கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுத்தது. எங்கள் பக்கத்தில் வேலிக் கதவான படலையைத் தாண்டும்போது எவரும் ‘போறன்’ என்று சொல்லக்கூடாது, திரும்பி வருகிறதும் சேர்த்து ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்ல வேண்டும், இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அப்போ இவர்கள் எல்லாரும் அந்த ‘வாறன்’ என்பதை விட்டுவிட்டு வெறும் ‘போறன்’ என்று சொல்லிப் படலை தாண்டினவர்கள், சொன்ன சொல் பலித்துவிட்டது, அவர்கள் பிழை, எங்களுக்கென்ன என்று தீவு தீர்மானித்துத் தலையை ஆட்டியது. அதன்பிறகு சனங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பிள்ளைகள் கக்கூசுக்குப் போகும்போதும் ‘போட்டு வாறன்’ என்றார்கள், தாய்மார் பள்ளிக்கூடப் பையைப் பிடித்து நிறுத்திச் சொல்லவைத்துத்தான் விட்டார்கள், தபாற்கந்தோரில் முத்திரை வாங்கினவர்கள் வாசலில் நின்று நான் காதில் வாங்கினேனா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார்கள். என்ரை மகன் வாறன் எண்டுதான் சொன்னவன் என்று தாய் சத்தியம் பண்ண, இல்லை, போறன் எண்டதை நான் என்ரை காதாலை கேட்டனான் என்று பக்கத்து வீட்டாள் சாட்சி சொல்ல, இருபது வருடத்துப் படலைப் பேச்சையெல்லாம் கிளறி ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

கூட்டிவரவும் பார்த்தார்கள். ஞானசீலன் ஒரு கிழவரை முன் சீட்டில் இருத்தி, பெல்ட்டும் போட்டு, அங்காலை எல்லையில் இருக்கிற இரட்டைப்பனை வரை கொண்டுவந்தான். பனையைத் தாண்டினதும் பெல்ட் போட்டபடி இருந்தது, சீட் சூடாக இருந்தது, கிழவர் பின்னாலே ரோட்டில் ஊரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அதோடு விட்டுவிட்டார்கள்.

முழுத் தீவும் நம்பின அந்தக் காரணம் பிழை என்று ஒரே ஒருவனுக்குத் தெரியும். அது நான். குகதாசன் ‘போறன்’ என்று சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அரியமலர் பின்வளவுக் கிணற்றடியில் முழுகிக்கொண்டிருந்தாள். நான் மண்வெட்டி இரவல் வாங்கப் போய்ப் படலையில் நின்றேன். குகதாசன் வெள்ளிக்குவெள்ளி மினுக்கின சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, போட் ஏறிப் பட்டணம் போய் வருவான், எதற்கென்று கேட்டால் சிரிப்பான். பட்டணத்தில் ஒருத்தி இருக்கிறாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன், அவளுக்கு ஒரு முகமும் ஒரு வீடும்கூட என் மனதில் கட்டி வைத்திருந்தேன். அன்றைக்கு அவன் என்னைக் கண்டு, “அத்தான், போட்டு வாறன், மலரிட்டைச் சொல்லிவிடுங்கோ,” என்றான். இப்படிச் சொல்கிறவனுக்கு நிற்கிறவன் ‘ம், போட்டு வா’ என்று சொல்ல வேண்டும். நான் அவனுடைய சட்டையைப் பார்த்தேன், “போ,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் ஒருகணம் நின்றான், மிச்சச் சொல்லும் வரும் என்று நினைத்தான் போல, பிறகு போய்விட்டான். அரியமலர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து கேட்டபோது, போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான் என்றேன். முதலில் அது அவன்மேல் கோள் சொல்கிற ஒரு சின்னப் பொய்தான். அவன் வராமல் விட்ட பிறகு அதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பதினொரு வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துக்கொண்டு அவள் வீட்டிலேயே ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சாப்பிட்டேன்.

ஆகவே, போனவர் சொன்ன சொல்லால் அல்ல, நின்றவர் சொல்லாமல் விட்ட சொல்லால்தான் அவர்கள் அங்காலை போனார்கள் என்பது தீவு தலையாட்டின முதல்நாளே எனக்கு விளங்கியது. வாயைத் திறந்தால் நான் அகப்படுவேன். அவன் திரும்பி வந்தாலும் அகப்படுவேன். மடியிலே கனம் இருக்கிறவனுக்குத்தான் வழியிலே பயம் என்பார்கள், நான் வழியிலேயே இறங்காமல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து தங்கையின் வழித்தாளைப் படித்தேன்.

அங்காலை தெரியவந்த பிறகு அவள் கொண்டுவந்த முதல் தாளில், நான்கு பத்துக்கு, ‘அங்காலை: தேநீர், பதினைந்து நிமிடம்’ என்று இருந்தது. அடுத்த கிழமை முக்கால் மணி. அதற்கடுத்த கிழமை கிழக்கே பழைய கோட்டைச் சுவர் பார்க்கிற நேரத்தைத் தாளில் வெட்டிவிட்டு அங்காலைக்கு ஒன்றரை மணி கொடுத்திருந்தாள். தேத்தண்ணிக் கடை ஆருடையது என்று நான் ஞானசீலனைக் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான், “அக்காவின்ரை அவர்தான் மாஸ்டர் ஆத்திறவர்.” வெள்ளைக்காரர் கிணற்றைப் படம் எடுக்க, அவள் கடைக்குள் வாங்குப் பலகையில் இருந்து குகதாசனோடு கதைக்கிறாளாம். என்ன கதைக்கிறாள் என்று கேட்டேன், அவன் தனக்குத் தெரியாது என்றான், தெரியும் என்று அவன் முகம் சொன்னது. அன்றிலிருந்து அவள் என்னைப் பார்க்கிற பார்வையில் எல்லாம் நான் ஒரு கேள்வியைக் கண்டேன், அவள் சோறு போட்டால் ஏன் நிறையப் போடுகிறாள் என்று யோசித்தேன், குறையப் போட்டால் ஏன் குறைய என்று யோசித்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நாலாம் வெள்ளிக்கிழமை அவள் கொண்டுவந்த தாளில் கடைசி வரி இப்படி இருந்தது: ‘மூன்று மணி, அங்காலை. வழிகாட்டி இங்கே இறங்கிவிடுவார். வான் அவர் இல்லாமல் திரும்பும்.’

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். “இது என்ன மலர்?”

“இருக்கப் போறன் அண்ணை. அவர் வரேலாது, நான் போகலாம்தானே.”

“நீ இருந்தாலும் இரட்டைப்பனை உன்னைப் பிடிச்சு வைக்காது. நீ வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போவாய்.”

“ஓம். நான் போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவன். அவரும் அப்பிடித்தான் சொன்னவராம். அதுக்குமேலை அவர் ஒண்டும் சொல்லேல்லை, எத்தினை தரம் கேட்டும் சொல்லேல்லை, சிரிக்கிறார்.” அவள் தாளை என் மேசையில் நேராக வைத்து, நாலு மூலையும் தடவிவிட்டாள். “அண்டைக்குப் படலையடியிலை நிண்டது நீங்கள் மட்டும்தானே. நாளைக்கு நான் போகேக்கை ‘போ’ எண்டு மட்டும் சொல்லுங்கோ. உங்களுக்குப் பழக்கம்தானே.”

மெஷின் பழுது என்றேன். அது பழுதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பிறகு எனக்கு முதல் தரம் சந்தேகம் இல்லாமல் ஒன்று தெரிந்தது, இவளையும் நான் இழக்கப் போகிறேன். கந்தோரைப் பூட்டினேன், சைக்கிளை எடுத்தேன், ஐம்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாகத் துறையடிச் சந்தியில் இடமாகத் திருப்பினேன். சந்தியில் நின்றவர்கள் எல்லாரும் தாங்கள் சந்தேகப்பட்டது சரிதான் என்பதுபோல் பார்த்தார்கள். கிழக்கு போனது, வடக்கு போனது, வடலிக்காடு முடிந்து உப்புவெளி தொடங்க வேண்டிய இடத்தில் கதியால் வேலி தொடங்கியது.

குகதாசன் வாங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. “வாங்கோ அத்தான், இருங்கோ,” என்று தேத்தண்ணி ஆற்றி வைத்தான், பதினொரு வருடம் போனதுபோல் இல்லை, மண்வெட்டி வாங்க வந்த மாதிரி இருந்தது.

“துறையடிக்குத்தான் நடந்தனான். வந்து சேர்ந்தது இஞ்சை,” என்றான், நான் கேளாமலே.

“வெள்ளிக்கிழமையிலை நீ பட்டணத்துக்கு எங்கை போனனீ?”

அவன் வெட்கப்பட்டான், நாற்பத்தைந்து வயது ஆம்பிளை. “வான் ஓட்டப் பழகினனான் அத்தான். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து மலருக்குக் காட்டலாம் எண்டு. நாலு தரம் பெயில் விட்டாங்கள். அதை எப்பிடி வெளியிலை சொல்லுறது.”

தேத்தண்ணி நல்ல சாயம்தான். பட்டணத்தில் நான் கட்டி வைத்திருந்த வீட்டையும் அதில் இருந்த பெண்ணையும் நினைத்து நான் அழுதேன், அவன் தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தந்தான். “தாசன்,” என்றேன், “அண்டைக்கு நான் சொல்லாமல் விட்டதை இப்ப சொல்லுறன். வா. வீட்டை வா.”

அவனைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு மேற்கே மிதித்தேன். இரட்டைப்பனை வரவர மிதி இப்போது இலேசாகும், இப்போது இலேசாகும் என்று பயந்து பயந்து மிதித்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. பனை கடந்தது. மிதி இலேசாகவில்லை, ஆள் நல்ல பாரம், சங்குமுனை ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது.

சனிக்கிழமை விடிய முந்தியே தீவு முழுவதற்கும் கதை போய்விட்டது, தபாற்காரன் வாயால் இல்லாமல் போன முதல் செய்தி அதுதான். போனவர்கள் பிழை என்று தலையாட்டினவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அன்றைக்கு ஆர் நின்றது, என்ன சொன்னது என்று அவரவருக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வீடாக வானில் ஏறிப் போய் ‘வா’ என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள். சிலர் போகவேயில்லை, சிலர் போய் ஒப்புக்குச் சொன்னார்கள், அப்படிச் சொல்லப்பட்டவர்கள் பனையடியில் சீட்டைச் சூடாக விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்கள்.

மூன்று நாள் நான் அரியமலர் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தேன், அவள் புருஷனுக்கும் எனக்கும் ஒரே அளவாகச் சோறு போட்டாள். நாலாம் நாள் பின்னேரம் நான் எழும்பிச் சால்வையைத் தோளில் போட்டேன். குகதாசன் சந்திக் கடைக்குப் போயிருந்தான். அவள் முற்றத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். படலையில் கையை வைத்துக்கொண்டு, “மலர், போட்டு வாறன்,” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“போங்கோ,” என்றாள்.

நானும் ஒருகணம் நின்றேன், மிச்சச் சொல்லும் வரும் என்று. பிறகு என் வீட்டுக்குப் போகிற வழக்கமான ரோட்டில், வலமாகத்தான், அரை மைல் நடந்தேன். வந்து சேர்ந்தது இங்கே.

எங்களுக்கு இது அங்காலை இல்லை, இஞ்சாலை. இப்போது பத்துப் பன்னிரண்டு பேர்தான் மிச்சம். குகதாசன் விட்டுவிட்டுப் போன கடையை நான் நடத்துகிறேன், சாயம் அவ்வளவு வராது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஐந்தாம் தரம் அவனுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது, ஞானசீலனுக்கு அவள் வேறொரு வான் பார்த்துக் கொடுத்தாள். சனிக்கிழமை நான்கு பத்துக்கு வான் வேலியை உரசிக்கொண்டு வந்து பதினைந்து நிமிடம் நிற்கும், நாலு தரம் ஏன் பெயில் விட்டார்கள் என்று அப்போது விளங்கும். அரியமலர் இறங்கி வெள்ளைக்காரருக்குக் கிணற்றைக் காட்டுவாள், என் வாங்கில் இருந்து தேத்தண்ணி குடிப்பாள், கோப்பையைத் தானே கழுவி வைப்பாள். குகதாசன் ஒருநாள், தான் ‘வா’ எண்டு சொல்லட்டோ என்று கேட்டான். படலையிலை நிண்டது அவள், அவள்தான் சொல்ல வேணும் என்றேன். அவள் எழும்பும்போது நான் முந்திக்கொண்டு, “ம், போட்டு வா பிள்ளை,” என்று ஒரு எழுத்தும் விடாமல் சொல்வேன். அவள் “ம்,” என்பாள். அந்த ‘ம்’முக்குள் என்ன இருக்கிறது என்று அடுத்த சனி வரை யோசிப்பேன்.

போன சனிக்கிழமை ஒரு வெள்ளைக்காரி தன்னுடைய வழித்தாளை வாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். எடுத்துப் பார்த்தேன், பழைய பழக்கம். அடுத்த கிழமையும் வர முன்பணம் கட்டி வாங்கினதாக்கும், அடுத்த கிழமைக்கான தாள். எட்டு ஊரும் இருந்தன, கோட்டைச் சுவர் திரும்ப வந்திருந்தது. பதினைந்து நிமிடம் என்று இருக்க வேண்டிய இடத்தில், ‘அங்காலை: தேநீர், இருபது நிமிடம்’ என்று எழுதியிருந்தாள்.

மெஷினில் மை கசிந்து பதினைந்து இருபதாகத் தெரிகிறதோ என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லை, இருபதுதான். அந்த ஐந்து நிமிடம் எதற்கென்று யோசித்துக்கொண்டு வாங்கைத் துடைக்கிறேன்.